பழைய வீட்டில் சம்மட்டி விழுவதற்கு முன்: மெட்ராஸ் டெரஸ் வீட்டைப் பெரிய வேலைக்குத் தயார் செய்வது எப்படி?

முன்பக்கம் தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். பின்பக்கம் 1970-களில் சேர்த்த கான்கிரீட் தளம். அதன் கீழே அடுப்படியும் குளியலறையும். ஊர்ப்பக்கத்திலும் சென்னையின் பழைய தெருக்களிலும் இப்படி இரண்டு தலைமுறை கலந்த வீடுகள் நிறைய. இந்தப் பதிவு அவற்றுக்கானது. இரண்டு பாதியும் வேறு வேறு விதமாக நிற்கின்றன, வேறு வேறு விதமாகவே கெடுகின்றன. மேஸ்திரி பெரும்பாலும் கான்கிரீட் பழக்கத்தில் வருவார். முன்பக்கத்தையும் அதே கையால் தட்டினால்தான் வம்பு.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கூரையைத் திறக்கும் வேலை இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் அது மூடியிருக்க வேண்டும். தையில் இடிப்பைத் தொடங்கினால் எட்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். ஆடி கழியட்டும் என்று காத்திருந்தால் நேராக வடகிழக்குப் பருவமழையின் வாயில் போய் நிற்பீர்கள். ஆடியில் பூஜை போட மனம் வராதவர்கள் அந்த மாதத்தை அளவெடுக்கவும் ஆட்களைப் பேசவும் வைத்துக்கொள்ளலாம்.

சுவரை எடுப்பது, தளம் சேர்ப்பது போன்ற மாற்றங்களுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உண்டு. வரைபடம் போடும் பொறியாளரிடமே இதையும் கேட்டுவிடுங்கள்.

2. எது எதைத் தாங்குகிறது என்று வரையுங்கள்

கிராஃப் தாளில் ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டங்கள் எல்லாம் வேண்டும். பழைய அறைகள் சதுரமாக இருப்பதில்லை. மூலைவிட்டம் எடுக்காவிட்டால் டைல்ஸ் போடும் நாளில்தான் அது தெரியவரும். சுவரின் தடிமனைக் கதவுத் திறப்பில் அளக்கவும். இருபுறப் பூச்சையும் சேர்த்து 10 அங்குலம் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர், ஐந்தரை வந்தால் நாலரை அங்குலச் சுவர்.

அடுத்து, விட்டத்தை அண்ணாந்து பார்த்து, மரக்கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அம்புக்குறி போடுங்கள். கட்டைகளின் இரு நுனியும் எந்தச் சுவருக்குள் போகின்றனவோ அந்தச் சுவர்களைச் சிவப்பால் தீட்டுங்கள். சிவப்புச் சுவரில் முட்டுக் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. நடுவில் பெரிய உத்தரம் இருந்தால் அதன் நுனி உட்காரும் இடத்தையும் குறியுங்கள். மொத்தப் பாரமும் அந்த ஒன்றரை அடியில்தான் இறங்குகிறது.

3. தட்டிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கால் கிலோ சுத்தி, நீளமான ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சாக்பீஸ் போதும்.

மரக்கட்டையை நடுவில் பார்த்து ஏமாறாதீர்கள். நடு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்த நுனிதான் ஈரத்தைக் குடித்து முதலில் மக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். தேக்கு நன்றாக இருந்தால் முனை பதியவே பதியாது. அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்குச் சாக்பீஸில் குறி. தட்டும்போது 'டக்' என்றால் சரி. 'பொத்' என்றால் உள்ளே மக்கியோ கரையான் தின்றோ இருக்கலாம்.

மாடிக்கு ஏறி, மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் அடுக்குகளை எண்ணுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு) போட்டு, அதன் மேல் இன்னொரு ஓடு பதித்திருப்பார்கள். நாலு அங்குலச் சுருக்கி ஒன்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 200 கிலோ. இரண்டு அடுக்கு கூடுதலாக இருந்தால், கட்டைகள் இத்தனை நாள் தாங்கியதே பெரிது. மேலே இருப்பதை முதலில் இறக்கிவிட்டுத்தான் கீழே வேலை.

கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தை அடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டிப் பாருங்கள். வெற்று ஓசை வரும் இடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கீழ்க் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு சிறு துண்டைக் கொத்தி எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, 1 சதவீத பீனால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். ரோஸ் நிறம் வந்தால் கான்கிரீட்டில் காரத்தன்மை மிச்சம் இருக்கிறது. கம்பி வரைக்கும் நிறமே மாறாவிட்டால் கம்பிக்கு இருந்த பாதுகாப்புப் போய்விட்டது. அதற்கு மேல் பூச்சு வேலை செய்வது புண்ணுக்குப் புனுகு தடவுவதுதான், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

விரிசல்களில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது அஸ்திவாரம் இறங்கியதாக இருக்கலாம். கான்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. சாய்வான விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை இரு ஓரமும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

4. மின்சாரமும் தண்ணீரும்

பழைய வயரிங்கில் ஸ்விட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிட்டதாக நம்பக் கூடாது. மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்குப் பதில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை ஸ்விட்சில் வெட்டியிருப்பது சகஜம். விளக்கு அணைந்திருக்கும், வயரில் மின்சாரம் இருக்கும். மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பாயிண்டையும் டெஸ்டரால் பாருங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் சோதிக்க வேண்டும். வேலைக்கு மீட்டர் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) பொருத்திய தற்காலிகப் போர்டு ஒன்றை எலக்ட்ரீஷியன் போட்டுத் தரட்டும். இருக்கும் இணைப்பையே பயன்படுத்தலாமா, தற்காலிக இணைப்பு எடுக்க வேண்டுமா என்பதை ஈ.பி. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடித் தொட்டியைக் காலி செய்யுங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். பிறகு குளியலறை, அடுப்படியின் தரைத் துவாரங்கள், கக்கூஸ் பேசின் எல்லாவற்றையும் சாக்குத் துணி உருண்டையால் அடைத்து, மேலே பாலிதீன் போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை. செய்யாவிட்டால் செங்கல் துண்டும் சிமெண்டுப் பாலும் பழைய ஸ்டோன்வேர் குழாயில் போய் இறுகும். பிறகு முற்றத்தையே தோண்ட வேண்டி வரும்.

5. கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள்

இடிப்பு ஆளிடம் பேசும்போதே நிலை, கதவு, ஜன்னல், மரத்தூண், ஓடு, இரும்பு எது உங்களுடையது, எது அவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். தேக்கு நிலையைக் கடப்பாரையால் நெம்பினால் மூலைப் பூட்டு பிளந்துவிடும். சுற்றியுள்ள செங்கலை முதலில் எடுத்து, நிலையை நிமிர்ந்தபடியே வெளியே கொண்டுவர வேண்டும். மேலே லிண்டலோ வளைவோ இல்லாமல் நிலையே சுவரைத் தாங்கும் இடங்களும் உண்டு; அங்கே முட்டு முதலில்.

சுண்ணாம்பில் கட்டிய செங்கல் கரணையின் ஒரு தட்டில் சுத்தமாகப் பிரியும். சிமெண்டில் கட்டியது செங்கலோடுதான் உடையும். ஆகவே முன்பக்கச் செங்கலுக்கு மதிப்பு உண்டு. பின்பக்கத்தது நிரப்புவதற்கு மட்டும். முன்பக்கத்தில் பெரிய பிரேக்கர் மெஷினையும் விடாதீர்கள். அதன் அதிர்வில், உள்ளே மண் சாந்து வைத்த சுவர்கள் அடுத்த அறை வரை கழன்றுகொள்ளும். உளியும் சுத்தியும் போதும்.

முன்பக்கச் சுவரில் யாராவது சிமெண்டுப் பூச்சு ஏற்றியிருந்தால், ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை இப்போதே கொத்தி விடுங்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறது. மற்ற வேலை நடக்கும் வாரங்களில் சுவர் காயட்டும். திரும்பப் பூசும்போது சுண்ணாம்புதான்.

6. முட்டு

இரும்பு ஜாக்கியின் அடியில் 9 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன் பலகை போடுங்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையின் கீழே பெரும்பாலும் வெறும் மண் நிரப்புதான். பலகை இல்லாவிட்டால் ஜாக்கி தரையைத் துளைத்து இறங்கும். மேலே கட்டைகளுக்குக் குறுக்காக ஒரு மரச்சட்டம் வேண்டும். திருகைக் கையால் இறுகும் வரை மட்டும் திருப்புங்கள். தளத்தைத் தூக்கிவிடலாம் என்று கம்பி போட்டு நெம்பினால் மேலே காரை வெடித்து, அடுத்த மழையில் ஒழுகும்.

7. கரையான்

தரையை முழுக்கப் பெயர்ப்பதாக இருந்தால், பெயர்த்த பிறகு மண்ணிலேயே மருந்து போடலாம். தரை அப்படியே இருக்கப்போகிறது என்றால், சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் கரைசல் இறக்க வேண்டும். இமிடாக்ளோப்ரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கிணறு, சம்ப் பக்கம் வேண்டாம். உரிமம் உள்ள ஆளை வைத்தே செய்யுங்கள்.

8. இடிபாட்டுக் கணக்கு

10 அடி நீளம், 10 அடி உயரம், ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 75 கன அடி. உடைத்தால் உப்பி 100 கன அடியைத் தாண்டும். அதாவது ஒரு சுவருக்கு ஒரு யூனிட். வண்டி எத்தனை நடை, எங்கே கொட்டுவது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

குப்பையை மாடித் தளத்தில் குவிக்க விடாதீர்கள். குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்றுதான் கணக்கு. ஓரடி உயர இடிபாடு 400 கிலோவைத் தொடும். சாயங்காலம் ஆட்கள் போவதற்கு முன் அன்றன்றைய குப்பை கீழே இறங்கியாக வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து அவர் வீட்டுக்குள் இருக்கும் விரிசல்களை அவர் முன்னிலையிலேயே தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே அவர் வீட்டு விட்டத்தையும் அண்ணாந்து பாருங்கள். அவருடைய மரக்கட்டைகளும் அதே பொதுச்சுவரில் உட்கார்ந்திருந்தால், உங்கள் வரைபடத்தில் இன்னொரு சுவர் சிவப்பாகிறது.