இம்ப்ளாண்ட் வைத்த மூன்றாவது, நாலாவது வாரம் கவனம்

பல் இம்ப்ளாண்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைத்த பக்கத்தில், வலி போய்விட்டாலும், டாக்டர் சொல்லும்வரை கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய் கடிக்காதீர்கள். நம்ம ஊர் சந்தகையும் அரிசிம்பருப்பு சாதமும் அதுவரை தாராளமாகப் போதும்.

முதலில் டைட்டானியம் திருகை எலும்பு இறுக்கிப் பிடித்திருப்பதுதான் பலம். அந்தப் பிடி மெல்லத் தளர்ந்து, புது எலும்பு முழுதாக ஒட்டுவதற்கு முன், சுமார் 3, 4 வாரத்தில்தான் திருகு பலவீனமாக நிற்கும். வலியும் அப்போது இருக்காது, அதுதான் ஆபத்து. திருகு கழன்றுவிட்டால் செலவு மறுபடி முதலில் இருந்து. கட்டுப்படாத சர்க்கரையும் பீடி, சிகரெட்டும் இருந்தால் எலும்பு ஒட்டுவது இன்னும் சிரமம்.

எலும்பு நன்றாக ஒட்டி, நிரந்தரப் பல் மாட்டி முடித்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் திருகு ஆடுவதுபோல் தெரிந்தால், சாப்பாட்டை மாற்றிக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.