பேனா கடைசலில் பசையும் பெயின்டும்

லேத்தில் பேனா கடைபவர்கள் உளியைப் பற்றியும் அதைத் தீட்டுவதைப் பற்றியும்தான் ஓயாமல் பேசுவார்கள். என்னைக் கேட்டால், லேத்தை ஓடவிடும் முன்பே பாதி பேனா முடிந்துவிடுகிறது. மரத்திலோ அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலோ ஒரு கட்டையில் நீளவாக்கில் துளை போட்டு, அதன் உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டிய பிறகுதான் கடைவது. அந்தக் குழாய் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். பசை படாத இடம் எங்காவது இருந்தால், கடைந்து கடைந்து சுவர் மெலியும்போது அந்த இடத்தில்தான் துண்டு பெயர்ந்து பறக்கும்.

துளை போட்டதும் கட்டை சூடாக இருக்கும். ஆறவிட்டு, தூளை ஊதி எடுங்கள். பித்தளைக் குழாயின் பளபளப்பு போகிற வரை 150 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். வழவழப்பில் பசை பிடிக்காது. அப்புறம் அசிட்டோனால் துடைத்துவிட்டு விரல் படாமல் வையுங்கள். ஈட்டி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமென்றால் துளைக்குள்ளும் அசிட்டோன் ஒருமுறை போகட்டும்.

எந்தப் பசை? பெவிக்விக் காற்றின் ஈரத்தால் இறுகுவது. அவசரக்காரர்களுக்கு ஆசை காட்டும், ஆனால் குழாய் பாதி நுழைந்ததும் அப்படியே நின்றுவிடும் அபாயம் உண்டு. எனக்கு அரால்டைட் போன்ற இரண்டு பாகப் பசைதான். ரெசினும் ஹார்ட்னரும் அட்டையில் சொன்ன அளவில், நன்றாகக் கலந்து. குழாயின் முனைகளைக் கொஞ்சம் மெழுகால் அடைத்துக்கொள்ளுங்கள், பசை உள்ளே போகாது. குழாயின் மேலும் துளைக்குள்ளும் தடவி, திருகித் திருகி, ரெண்டு தடவை உள்ளே விட்டு வெளியே இழுத்து, மூன்றாம் தடவை முழுசாகத் தள்ளுங்கள். ஐந்து நிமிடப் பசை என்றாலும் மறுநாள்தான் கடைவது.

இனி பெயின்ட். மரத்துக்கு இது தேவையில்லை. ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் மெல்லிய இடங்களில் பித்தளையின் மஞ்சள் தெரிந்து நிறத்தைக் கெடுக்கும். அதனால் துளையின் உட்சுவருக்கும் குழாய்க்கும் சேர்த்தே பெயின்ட் அடிப்பேன். குழாய்க்கு மட்டும் அடித்தால், நுழைக்கும்போது சுரண்டிக்கொண்டு போய்விடும். வெள்ளை அடித்தால் நிறம் பளிச்சென்று வரும், கறுப்பு அடித்தால் ஆழமாகும். மீதியான சின்னத் துண்டில் இரண்டையும் அடித்துப் பார்ப்பது நல்லது. தின்னர் கலந்த பெயின்ட் சில அக்ரிலிக்கை அரித்துவிடும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டே போதும். பெயின்டின் கனத்துக்கு இடம் வேண்டும், 7 மி.மீ. குழாய்க்கு 7.2 மி.மீ. துளை சரியாக இருக்கும். ஒரு ராத்திரி காயட்டும். காயாத பெயின்ட் மேல் பசை போனால் தோலாக உரிந்து வரும்.

கடைசி மெருகுக்கு மெல்லிய பெவிக்விக் பூசுபவர்கள் டிஷ்யூ தாளால் பூசுங்கள். பருத்தித் துணி கூடவே கூடாது: இந்தப் பசையோடு சேர்ந்தால் சூடேறிப் புகையும், கை வெந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பேனாவின் மற்ற பாகங்களைக் குழாய்க்குள் அழுத்திச் சேர்க்கும் முன் குழாய்க்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். காய்ந்த பசை ஒரு துளி இருந்தாலும் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தும்போது கட்டை விரிசல் விடும்.