சீசன் பணமும் ஜூன் மாதமும்: மலையில் தவிர்க்க வேண்டிய பணத் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கடன் கேட்டு வரும் மனுக்கள் அதிகம் குவிவது ஜூன், ஜூலை மாதங்களில்தான். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது டாக்சி ஓட்டுபவர் முதல் வேகவைத்த சோளம் விற்பவர் வரை எல்லோர் கையிலும் பணம் புழங்கும். நான்கு வாரம் கழித்து, அதே வீட்டிலிருந்து பள்ளிக் கட்டணத்துக்கு ஐயாயிரம் கேட்டு வருவார்கள். இவர்கள் யாரும் ஊதாரிகள் அல்ல. விடியற்காலைக் குளிரில் எழுந்து உழைப்பவர்கள். பணத்தைப் பற்றிய சில எண்ணங்கள்தான் இவர்களைத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

சீசன் வருமானத்தை மாத வருமானமாக எண்ணுவது

எல்லாத் தவறுக்கும் இதுதான் தாய். ஒரு டாக்சி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். டீசல் போக ஏப்ரல், மே மாதங்களில் தலா 60,000 ரூபாய், செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனில் தலா 35,000, மீதி எட்டு மாதமும் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,86,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 24,000-க்கும் சற்றுக் குறைவு. ஆக அது 24,000 ரூபாய்க் குடும்பம். ஆனால் மே மாதத்தில் வீட்டில் எல்லோரும் தங்களை 60,000 ரூபாய்க் குடும்பமாகவே உணர்கிறார்கள். புது வண்டிக்கு மாதம் 18,000 தவணை என்று கையெழுத்துப் போடுவதும் அந்த மாதத்தில்தான். ஜூனில் மழை இறங்கும். வருமானம் 12,000, தவணை 18,000.

சீசன் வந்தே தீரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2020, 2021 இரண்டு கோடையும் கொரோனாவில் அப்படியே போயின. 2020-இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது என்பது பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்துவிட்டது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலையைக் காக்க அது தேவை என்றே நானும் நினைக்கிறேன். சீசனை நம்பித் தவணை எடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது: வரும் பணம் முழுவதையும் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்து அந்த மாதச் சராசரியை மட்டும் வீட்டுக்கு எடுப்பது. சேமிப்புத் திட்டத்தையும் நம் வருமானத்தின் போக்குக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் தொடங்கும் செல்வமகள் திட்டத்துக்கு 250 போதும். இரண்டிலும் மே மாதம் பெரிதாகப் போட்டுவிட்டு மழைக்காலத்தில் எதுவும் போடாமல் இருக்கலாம். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதாமாதம் கட்ட வேண்டும். அதிலும் ஆறு மாதத் தவணையைச் சீசனிலேயே முன்கூட்டிக் கட்டினால் சிறு தள்ளுபடி உண்டு. இதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு.

செலவைத் தள்ளிப்போடுவதைச் சேமிப்பு என்று நினைப்பது

சிக்கனக்காரர்கள் செய்யும் தவறு இது. என் அப்பாவும் செய்தார். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்க வேண்டும். செய்தால் அந்தத் தோட்டத்தில் சில மாதங்களுக்கு இலை வராது, கூலிச் செலவு வேறு. “இந்த வருஷம் வேண்டாம், விலை நன்றாக இருக்கிறது” என்று ஒரு முறை தள்ளினார். மறுமுறை, விலை இல்லை, கையில் காசில்லை என்று தள்ளினார். செடி உயர்ந்து, கொழுந்து குறைந்து, பறிக்க வருபவர்களும் அலுத்துக்கொண்டார்கள். மிச்சம் பிடித்த கவாத்துக் கூலியைவிட இழந்த இலை பல மடங்கு.

பச்சைத் தேயிலையின் விலையை நாம் தீர்மானிப்பதில்லை. 1990-களின் பிற்பகுதியில் நல்ல விலைக்குப் போன இலை, அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்குச் சரிந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயம்தான் அப்பாவை எல்லாவற்றையும் தள்ளிப்போட வைத்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் ஒழுகும் தகரக் கூரை, சொத்தைப் பல், வீட்டுக்குப் பின்னால் சரியத் தொடங்கிய மண்சுவர் மூன்றும் காத்திருக்கக் காத்திருக்கச் செலவைப் பெருக்குபவை. பட்டியலில் இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

வட்டிக் கணக்கைப் பாதியில் விடுவது

“மூன்று வட்டிதான்” என்று சொல்லும்போது சின்னத் தொகையாகத் தோன்றுகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம். எந்தத் தோட்டமும், எந்த டாக்சியும் அந்த அளவு லாபம் தராது. அநியாய வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது.

வண்டிக்கடனில் இன்னொரு மயக்கம். ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், இரண்டு ஆண்டு என்பார்கள். வட்டி 24,000 சேர்த்து மாதம் 5,167 ரூபாய். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பித் தந்துகொண்டே, கடைசிவரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கும் மேல். கடன் வாங்கும் இடத்தில் “இது குறையும் அசலுக்கான வட்டியா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கேரட், உருளைக்கிழங்கு போடுபவர்கள் மேட்டுப்பாளையம் மண்டியில் வாங்கும் முன்பணத்துக்கும் விலை உண்டு. வட்டி என்று எழுதாவிட்டாலும், சரக்கை அந்த மண்டிக்கே அனுப்ப வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்குத் தர வேண்டும். பக்கத்து மண்டியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தால், அந்த இரண்டு ரூபாய்தான் நீங்கள் கட்டிய வட்டி.

தெரிந்தவர் என்பதால் ரசீது கேட்காமல் இருப்பது

என் அம்மா மாதம் 2,000 ரூபாய் வீதம் இருபது மாதச் சீட்டுப் போட்டார். நடத்தியவர் எங்கள் தெருப் பெண்மணி, கல்யாணம் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பவர். பதினான்காவது மாதம் அவர் வீடு பூட்டியிருந்தது. 28,000 ரூபாய் போனது. அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. “அவளிடம் போய் எப்படிக் கையெழுத்துக் கேட்பது?” என்பதுதான் அம்மா சொன்ன ஒரே காரணம்.

அம்மா வங்கிக்குப் போகாததற்கும் காரணம் உண்டு. பஸ் பிடித்துப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். சீட்டு, வாசலுக்கே வந்தது. அதனால் சீட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். அதில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டும் தொகைக்குக் கணக்குப் புத்தகம் வாங்குங்கள். பணத்துக்கு எழுத்து கேட்பது உறவை அவமதிப்பதாகாது. அன்று ஒரு கையெழுத்து இருந்திருந்தால் அம்மா காவல் நிலையத்தில் வெறுங்கையோடு நின்றிருக்கமாட்டார்.

இன்னொன்று: வங்கியில், கூட்டுறவு வங்கியிலும்கூட, வட்டி சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத் தொகைக்குக் காப்பீடு இருக்கிறது. தனியார் நிதி நிறுவனத்தில் போடும் பணத்துக்கு அது கிடையாது.

நகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நகை எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். அணியும் ஆசைக்கு வாங்கினால் ஆசைக்கு என்றே வாங்குங்கள். சேமிப்புக்கு என்றால் தங்கக் காசாக வாங்குங்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

வீட்டுக்குள் மறைத்து வைக்கும் கடன்

கணவருக்குத் தெரியாமல் மனைவி வாரத் தவணைக் குழுவில் கடன், மனைவிக்குத் தெரியாமல் கணவர் நண்பரிடம் கைமாற்று. இருவருமே மற்றவரைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற அன்பினால்தான் மறைக்கிறார்கள். இரண்டு தவணையும் ஒரே வாரத்தில் வரும்போது மூன்றாவது கடன் பிறக்கிறது.

இப்போது எங்கள் குழுவில் கடன் மனுவோடு ஒரு வெள்ளைத் தாளும் கொடுக்கிறேன். அடகில் இருக்கும் நகை, சீட்டு, கைமாற்று, மண்டி முன்பணம், கட்ட வேண்டிய மொய் எல்லாவற்றையும் அதில் எழுதி, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கொண்டுவர வேண்டும். சிலர் தாளை வாங்கிப் போய் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். வரும்வரை நான் காத்திருக்கிறேன்.