திருடனைத் துரத்தும் முன்: தோட்டப்புறத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சங்கிலிப் பறிப்போ வீடு உடைப்போ நடந்த மறுநாள் காலையில் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். "இத்தனை பேர் பார்த்துக்கிட்டு சும்மா நின்னீங்களே" என்பது ஒன்று. "அமெரிக்கா மாதிரி ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துப் பாருங்க, ஒருத்தன் கிட்ட வருவானா?" என்பது இன்னொன்று.

முதல் பேச்சில் நியாயம் உண்டு. "நமக்கேன் வம்பு, தொட்டால் நம்மைத்தான் உள்ளே போடுவான்" என்று ஒதுங்குவதே பலர் செய்யும் தவறு. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 97ஆவது பிரிவின்படி நம் உடலை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டியின் உடலையும், அவருடைய சங்கிலியையும் காப்பாற்ற நமக்கு உரிமை இருக்கிறது. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவன், கொள்ளையடிக்கிறவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறவன் விஷயத்தில் 103ஆவது பிரிவு மிக நீண்ட தூரம் போகிறது. வேறு வழியே இல்லையென்றால் உயிர் போகும் அளவுக்குக்கூட.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? அந்த உரிமை ஆபத்து இருக்கும்வரைதான் இருக்கும். 99ஆவது பிரிவு இரண்டு கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தாக்கக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் தற்காப்பு என்று சொல்ல முடியாது. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான்.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மோட்டாரில் வந்த இருவர் ஓர் அம்மாவின் கைப்பையை இழுக்கிறார்கள் என்று வையுங்கள். இழுக்கும்போது பையைப் பிடித்துக்கொள்வது, அவன் கையைத் தட்டிவிடுவது, மோட்டாரிலிருந்து இறங்கி அடிக்க வந்தவனைத் தள்ளிவிடுவது எல்லாம் தற்காப்பு. பையைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் பறந்த பிறகு, ஒருவர் காரை எடுத்துக்கொண்டு துரத்தி மோட்டாரை இடிக்கிறார். விழுந்தவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஹெல்மெட்டால் அடிக்கிறார்கள். இப்போது குற்றவாளிப் பட்டியல் நீண்டுவிட்டது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து அடித்தால் கலகக் குற்றம் வரலாம்; 147ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஆபத்தான ஆயுதத்தோடு என்றால் 148இல் ஐந்து ஆண்டு வரை. அடிபட்டவன் செத்துவிட்டால் கொலை வழக்கு. "நான் ஒரு அறைதான் விட்டேன், கம்பியால் அடித்தது வேறு ஆள்" என்ற பேச்சு எடுபடாது. ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்ததை ஒவ்வொருவரும் செய்ததாகவே 34ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும்.

பிடிப்பதற்கும் வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்யும் அதிகாரம் தருகிறது. ஆனால் குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அதுவும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றமாக இருக்க வேண்டும். பிடித்தவனைத் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, தலைவர் வரும்வரை காத்திருந்து, "யாருடா கூட வந்தது" என்று பஞ்சாயத்து நடத்துவதற்கு அதில் இடமே இல்லை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் வழக்குக்கும் ஒரு பயனும் கிடையாது. போலீஸ் வருவதற்குள் அவன் முகம் வீங்கியிருந்தால், விசாரணை நம் பக்கம் திரும்பும்.

"கண்ணெதிரே" என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. செம்பனைக் குலைத் திருட்டு தொடர்ந்து நடக்கும் தோட்டங்களில் அந்தி நேரத்தில் சாக்கு மூட்டையோடு போகும் வெளிநாட்டுத் தொழிலாளி யாராக இருந்தாலும் சந்தேகம் வருகிறது. மூட்டையில் கடையில் வாங்கிய அரிசி இருக்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23 அன்று அகமத் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று நினைத்து மூன்று பேர் வண்டிகளில் துரத்தினார்கள். அதில் ஒருவர் சுட, ஆர்பெரி இறந்தார். குடிமகன் கைது செய்யலாம் என்ற சட்டத்தைத்தான் நீதிமன்றத்தில் காட்டினார்கள். 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1863 முதல் இருந்த அந்தச் சட்டத்தையே ஜார்ஜியா அதே ஆண்டில் நீக்கிவிட்டது.

பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தி விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பாராங் ஆயுதமாகவே தெரியாது. காலையில் வேலைக்குப் போகும்போது மோட்டாரில் செருகியிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அதே பாராங் இரவு பதினொரு மணிக்கு டவுனில், காரின் சீட்டுக்கு அடியில், "பாதுகாப்புக்கு" என்று இருந்தால் கதை வேறு. 1958ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதச் சட்டத்தின் 6(1) பிரிவில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியும் உண்டு. நியாயமான வேலைக்குத்தான் எடுத்துப் போனோம் என்று காட்ட வேண்டியவரும் நாமே. ரோந்துக்குப் போகிற பையன்களுக்கு இதை யாராவது சொல்லிவைத்தால் தேவலை. டார்ச் லைட்டும் விசிலும் போதும்.

அப்புறம் துப்பாக்கி. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் தருவது மாநிலப் போலீஸ் தலைவர். ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, அது காட்டுப் பன்றிக்காகச் செய்த நாட்டுத் துப்பாக்கியாகவே இருக்கட்டும், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறைக்கும் ஆறுக்குக் குறையாத பிரம்படிக்கும் வழிவைக்கும். போலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும் பத்து ஆண்டு வரை போகலாம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சட்டமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற நிலையை அந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது. துப்பாக்கி பெருகினால் தோட்டம் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

ஆனாலும் அமெரிக்காவைக் காட்டுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் பேரங்காடியில் சுட்டுக்கொண்டிருந்தவனை, கைத்துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் சில நொடிகளில் வீழ்த்தினார், உயிர்கள் தப்பின. அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் ஜானி ஹர்லி என்பவரும் அதையே செய்தார். ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்தி, அவனுடைய துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஓடிவந்த இன்னொரு போலீஸ்காரரின் கண்ணுக்கு ஹர்லிதான் கொலைகாரனாகத் தெரிந்தார், சுட்டுவிட்டார். முதல் கதை மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பயிற்சி பெற்றவர்களுக்கே ஆள் தெரியாத அந்தக் கணத்தில், பலகைச் சுவர் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும்போது, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சுடுவதை நினைத்துப் பாருங்கள். குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். துப்பாக்கி வேண்டாம் என்பது என் முடிவு. அதில் எனக்குத் தயக்கமில்லை.

சிசிடிவிப் படத்தை முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பிறகு போலீஸிடம் போவதும் தவறுதான். மாட்டியவன் 18 வயது நிரம்பாதவன் என்றால், முகத்தையோ பள்ளியின் பெயரையோ வெளியிட்டவர் மீதே 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் பாயும்.

நாம் செய்யக்கூடியதில் பெரிய வேலை 999க்கு ஒழுங்காகப் பேசுவது. அதில்தான் தோட்டப்புறம் அடிக்கடி சறுக்குகிறது. "அண்ணே, லயத்துக்குப் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். செம்பனைக்குள் எந்த லயம், எந்தப் பக்கம் என்று வருகிறவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தின் அடையாளம் (கோயில், பாலம், தமிழ்ப்பள்ளி), வழியில் கேட் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்பவற்றை முதலில் சொல்ல வேண்டும். பிறகு எத்தனை பேர், கையில் என்ன, மோட்டாரின் நிறம், எண்ணில் நினைவுள்ள இரண்டு மூன்று எழுத்துகள், ஓடிய திசை. மலாய் தடுமாறினால் நன்றாகப் பேசும் பிள்ளையிடம் போனைக் கொடுங்கள். ஒருவர் டார்ச்சோடு முச்சந்திக்குப் போய் நிற்கட்டும். வண்டி உள்ளே வந்து வழி தெரியாமல் சுற்றும் நேரமாவது மிச்சமாகும். மறுநாள் ரிப்போர்ட் செய்ய எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் போகலாம். அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் அதன் ஓரத்தில் எழுதிவையுங்கள்.