வேல்ஸுக்கு வருகிறீர்களா? அவர்கள் மொழியைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

வடக்கு வேல்ஸில் உள்ள பேங்கருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது வீட்டு வாடகை. அடுத்த கேள்வி, "இங்கிலீஷ் போதாதா?"

கடைக்கும் வங்கிக்கும் போதும். ஆனால் பேங்கர் இருக்கும் குவினெத் மாவட்டத்தில், 2021 கணக்கெடுப்பின்படி 64.4 சதவீதம் பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். வேல்ஸ் முழுவதற்கும் எடுத்தால் 17.8 சதவீதம்தான். வார்டில் படுத்திருக்கும் ஒரு பாட்டிக்கு வலி எங்கே என்று சொல்ல வாய் வருவது அந்த மொழியில். மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிவிடுவதும் உண்டு. அந்தக் கட்டிலருகே நிற்கப்போவது நீங்கள்.

அவர்கள் தங்கள் மொழியைக் கம்ரைக் என்பார்கள். இதை ஆங்கிலத்தின் வழியே படித்தால் ஒவ்வொரு படியிலும் முட்டும். தமிழை வைத்துப் பாருங்கள், பாதி வீடு ஏற்கெனவே கட்டியிருக்கும்.

"என்கிட்ட கார் இருக்கு" என்கிறோம். அவர்கள் "மை கெனி கார்" என்பார்கள்: இருக்கு, என்கிட்ட, கார். பயமும் அப்படித்தான். "மை அர்னா இ ஓவ்ன்" என்றால் பயம் என்மேல் இருக்கிறது. நம் "எனக்குப் பயமா இருக்கு" மாதிரி. "ஆமாம்" என்ற ஒற்றைச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். "ரொட்டி இருக்கா?" என்றால் நாம் "இருக்கு" என்போம் அல்லவா? அங்கும் "ஓய்ஸ் பாரா?" என்றால் பதில் "ஓய்ஸ்." இருபத்தொன்று அவர்களுக்கும் இரு பத்து ஒன்றுதான். நீ, நீங்கள் என்ற பிரிவும் உண்டு: டி, ஹி. பெரியவர்களிடம் ஹி. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லோரும் மிரளுவது சொல்லின் முதலெழுத்து மாறுவதைப் பார்த்துத்தான். பேங்கர் அவர்களுக்குப் பாங்கோர், பாங்கோரில் என்றால் "அம் மாங்கோர்." தலைநகர் கார்டிஃப் அவர்களுக்குக் கைர்டீத், அங்கே என்றால் "அங் ஙைர்டீத்." பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதைப் பள்ளியில் படித்த நமக்கு இது புணர்ச்சி. "ஙப்போல் வளை" சொல்லி வளர்ந்தவர்களுக்கு ஙகரத்தில் தொடங்கும் சொல் புதிதும் அல்ல. இன்னொன்று: "கல்"லில் ககரம் வன்மையாக ஒலிக்கிறது, "தங்கம்" என்னும்போது இளகுகிறது. நாம் அதை எழுதிக் காட்டுவதில்லை, அவர்கள் எழுத்திலேயே மாற்றிவிடுகிறார்கள்.

வினைச்சொல் வாக்கியத்தின் தலையில் வருவது மட்டும் நமக்கு நேர் எதிர். அதற்குப் பழக்கம்தான் வழி. ஊர்ப் பெயர்களில் வரும் இரட்டை எல் எழுத்துக்கு நாக்கை "ல்" இடத்தில் வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள், குரல் வேண்டாம்.

வகுப்புக்கு, 2016 முதல் இயங்கும் டஸ்கி கம்ரைக் என்ற தேசிய மையத்தின் தளத்தில் பதியலாம். நேரிலும் இணையத்திலும் உண்டு. 16 முதல் 25 வயதுள்ளவர்களுக்கும் ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் வேலை என்றால் பணியாளர் வகுப்பு இருக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள். பதியும்போது வடக்குப் பாடமா தெற்குப் பாடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "இப்போது" என்பதற்குத் தெற்கே நவுர், வடக்கே ரூவான். எழுத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. பாட்டி இங்கே நைன், தெற்கே மாம்கீ. விடுப்பு கிடைத்தால் ல்ஹீன் தீபகற்பத்தில், கைவிடப்பட்ட குவாரி ஊரில் உருவான நான்ட் குர்த்தைர்ன் மையத்தில் தங்கிப் படிக்கலாம்.

குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கென்றே குவினெத்தில் மொழி மையங்கள் உண்டு. உங்களைவிட முன்னே ஓடிவிடுவார்கள்.

உண்மையான தடை வேறு. நீங்கள் தடுமாறினதும் எதிரே இருப்பவர் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மாறவிடாதீர்கள். "டுயின் டஸ்கி கம்ரைக்", நான் கம்ரைக் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். "அன் ஆரவ்" என்றால் மெதுவாக. கைர்நார்வன் ஊர்த் தேநீர்க் கடைகள் தொடங்க நல்ல இடம். "பானட், ஓஸ் குவெலுஹ் அன் தா" என்று கேளுங்கள்; ஒரு டீ, தயவுசெய்து. கடைசி "தா" நம் "அது"வில் வரும் மெல்லிய தகரம்.