பதில் மின்னஞ்சலில் மேற்கோளைச் சீராக அமைப்பது எப்படி?

மூன்று கேள்விகள் கேட்டு ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். "சரி, அப்படியே செய்துவிடலாம்" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. எந்தக் கேள்விக்குச் சரி? கீழே உங்கள் கடிதம் முழுவதும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கீழே போன வாரத்துக் கடிதம், அதற்கும் கீழே அதற்கு முந்தையது. இருந்தும் பதில் எதற்கு என்று புரிவதில்லை. பதிலில் எடுத்துக்காட்டும் பழைய கடிதத்தின் வரிகளை, அதாவது மேற்கோளை, அமைக்கத் தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில், திரையில் தெரியும் அடையாளங்கள். எளிய உரையாக எழுதப்படும் மின்னஞ்சலில், மற்றவர் எழுதிய ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் > என்ற குறி இருக்கும். எழுத்து வடிவமும் வண்ணமும் கொண்ட மின்னஞ்சலில் அந்தக் குறிக்குப் பதிலாக இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு தெரியும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: இது நான் எழுதியது அல்ல, நீங்கள் எழுதியது. மேற்கோளுக்குத் தலைப்பாக "இன்ன நாளில் இன்னார் எழுதியது" என்று ஒரு வரி இருக்கும். அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இனி செய்முறைக்கு வருவோம். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"வணக்கம். கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றலாமா? அறிக்கையின் 2ஆம் பகுதியை யார் எழுதுவது? போன முறை அனுப்பிய படங்கள் தெளிவாக இல்லை. நானும் இரண்டு கணினிகளில் திறந்து பார்த்துவிட்டேன். பெரிய அளவில் மறுபடி அனுப்ப முடியுமா?"

படி 1: மேற்கோளைத் திறந்துகொள்ளுங்கள்

பதில் பொத்தானை அழுத்தியதும் ஜிமெயிலில் வெற்றுப் பெட்டிதான் தெரியும். அதன் அடியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைச் சொடுக்கினால் பழைய கடிதம் விரியும். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் மேற்கோள் தானாகவே வந்து நிற்கும். அங்கே ஒரு வசதியும் உண்டு: வந்த கடிதத்தில் தேவையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதில் பொத்தானை அழுத்தினால், அந்தப் பகுதி மட்டுமே மேற்கோளாக வரும். ஆப்பிள் மெயிலிலும் அப்படிச் செய்யலாம்.

அவுட்லுக்கில் பழைய கடிதம் எந்தக் குறியும் இல்லாமல், ஒரு படுக்கைக் கோட்டுக்குக் கீழே அப்படியே வந்து சேரும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக்கில், விருப்பங்களுக்குள் அஞ்சல் பகுதியில், பதிலளிக்கும்போது மூலக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்குறி இடும்படி மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: வேண்டாததை வெட்டுங்கள்

புதியவர்கள் கை நடுங்குவது இந்த இடத்தில்தான். அடுத்தவர் எழுதியதை அழிக்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாக அழிக்கலாம். மூலக் கடிதம் அவரிடமே பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வெட்டுவது உங்கள் பதிலில் உள்ள நகலை மட்டுமே. 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியும், சூழல் புரியும் அளவுக்கு மூலக் கடிதத்திலிருந்து எடுத்து வைத்தால் போதும் என்றுதான் சொல்கிறது.

வணக்கம், நலம் விசாரிப்பு, கையொப்பம், முந்தைய கடிதங்களின் வால் எல்லாம் போகட்டும். நீங்கள் எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அது மட்டும் மிஞ்ச வேண்டும். நடுவில் ஒரு வாக்கியத்தை எடுத்தால் அந்த இடத்தில் [...] என்று குறித்துவிடுங்கள்.

வெட்டலாம், ஆனால் திருத்தக் கூடாது. அவர் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தால் பிழையோடுதான் இருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால் செய்கிறேன்" என்று எழுதியவரின் வாக்கியத்தில் முதல் பாதியை வெட்டி "செய்கிறேன்" என்பதை மட்டும் மேற்கோளாக வைப்பது அவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதற்குச் சமம்.

படி 3: கேள்விக்குக் கீழே பதிலை வையுங்கள்

மிஞ்சிய ஒவ்வொரு மேற்கோளின் முடிவிலும் சுட்டியை வைத்து என்டர் தட்டுங்கள். தண்டர்பேர்டில் மேற்கோள் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்து, நடுவில் நீங்கள் எழுத இடம் விடும். வேறு செயலிகளில் கோடு உங்கள் வரியையும் தொடர்ந்து வந்தால், உள்தள்ளலைக் குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். உங்கள் வரி வெளியே வந்துவிடும். மேற்கோளுக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம் விடுங்கள். பார்ப்பதற்கு இப்படி இருக்கும்:

செவ்வாய்க்கிழமை நீங்கள் எழுதியது:

> கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றலாமா?

மாற்றலாம். காலை 11 மணிக்குப் பிறகு என்றால் எனக்கு வசதி.

> அறிக்கையின் 2ஆம் பகுதியை யார் எழுதுவது?

நானே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.

> போன முறை அனுப்பிய படங்கள் தெளிவாக இல்லை. [...] பெரிய அளவில் மறுபடி அனுப்ப முடியுமா?

இன்று மாலை அனுப்புகிறேன்.

யாரும் யாரையும் மறுபடி விளக்கம் கேட்கத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்து படித்தாலும் என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்பது விளங்கும்.

எல்லாக் கடிதத்துக்கும் இந்த முறை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே கேள்வி என்றால் மேலே நேராகப் பதில் எழுதினாலே போதும். துக்கம் விசாரித்து எழுதும் கடிதத்தை வரிவரியாகப் பிரித்து வைக்கவே கூடாது.

சிலர் மேற்கோளுக்குள்ளேயே புகுந்து, "என் பதில்கள் சிவப்பில்" என்று வண்ணம் மாற்றி எழுதுகிறார்கள். இதைத் தவிர்க்கச் சொல்வேன். பெறுபவர் எளிய உரையில் படித்தால் வண்ணம் காணாமல் போய்விடும்; வண்ணங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவாது. குறியும் வெற்று வரியும் எங்கே போனாலும் நிலைத்து நிற்கும்.

படி 4: யார் சொன்னது என்பதைச் சரிபாருங்கள்

கடிதம் நான்கைந்து முறை போய்வந்தால் குறிகள் அடுக்கடுக்காகச் சேரும். ஒரு > இருந்தால் கடைசியாக உங்களுக்கு எழுதியவர். >> என்று இரண்டு இருந்தால் அவர் மேற்கோள் காட்டிய, அதற்கு முந்தைய பேச்சு. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்குரிய "எழுதியது" வரி இருக்க வேண்டும். ஓர் அடுக்கை முழுவதும் வெட்டினால் அதன் தலைப்பு வரியையும் சேர்த்தே வெட்டுங்கள். அடுக்கு இருக்கும்போது தலைப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை இடம் மிச்சப்படுத்துவதாக நினைத்து அந்த வரியை நீக்கிவிட்டேன். சக பணியாளர் ஒருவர் எழுதிய கடுமையான விமர்சனம் இன்னொருவர் எழுதியதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பழியைச் சுமந்தவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் அந்த வரிகளை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

வரி உடைவதும் இதே குழப்பத்தைத் தரும். எளிய உரையில் ஒரு வரிக்கு 78 எழுத்துகளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று மின்னஞ்சலின் தர விதி சொல்கிறது. ஒவ்வொரு பதிலிலும் முன்னால் குறி சேரச் சேர வரி நீண்டு, ஒரு கட்டத்தில் உடைந்து விழும். விழுந்த துண்டுக்கு முன்னால் குறி இருக்காது. அது நீங்கள் எழுதியதுபோல் தோன்றும். தண்டர்பேர்டில் கன்ட்ரோல், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரிகள் மறுபடி ஒழுங்காகும். மற்றவற்றில் கையால்தான் சேர்க்க வேண்டும்.

படி 5: கையொப்பத்துக்கு மேலே ஒரு கோடு

உங்கள் பெயர், பதவி, தொலைபேசி எண் வரும் பகுதிக்கு முன்னால் தனி வரியில் இரண்டு சிறு கோடுகளும் ஓர் இடைவெளியும் இடுங்கள். அந்த இடைவெளி முக்கியம். தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் அதை அடையாளம் கண்டு, உங்களுக்குப் பதில் எழுதுபவரின் மேற்கோளிலிருந்து கையொப்பத்தைத் தாமே விலக்கிவிடும்.

படி 6: மூன்று புள்ளிகளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?

ஜிமெயிலில் அந்தப் புள்ளிகளைத் திறக்காமலே பதில் அனுப்பினாலும் பழைய கடிதங்கள் கூடவே போகும். உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இருவர் பேசிக்கொண்டிருந்த தொடரில் புதிதாக மூன்றாவது ஒருவரைச் சேர்க்கும்போது, ஆரம்பம் முதல் பேசிய அனைத்தும் அவர் கைக்குப் போய்ச் சேரும்: சம்பளப் பேச்சு, உடல்நிலை பற்றிய ஒரு வரி, இன்னொருவரைப் பற்றிய மனத்தாங்கல் எல்லாமே. ஆகவே பெறுநர் பட்டியலில் புதிய பெயர் ஒன்று சேர்கிறது என்றால், புள்ளிகளைச் சொடுக்கி, அடிவரை இறங்கிப் படித்து, அவருக்குத் தேவையானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்த பிறகே அனுப்புங்கள்.