பேட்டன்ட் வாங்கியாச்சு, பொருள் எங்கே? கல்லூரிக் கண்டுபிடிப்புகள் கடைக்கு வரும் வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வந்துவிட்டால் டெல்டாவில் நெல்லைக் காய வைப்பதுதான் பெரும்பாடு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், அரசு தளர்வு கொடுத்தால்தான் உண்டு, அதுவரை நெல் ரோட்டில் கிடக்கும். இதற்காக தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் பேராசிரியர் கையடக்கமான உலர்த்தி ஒன்று செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாபநாசத்தில் ஒரு விவசாயி அதை வாடகைக்கு எடுக்கிற நாள் வருவதற்குள் என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பார்த்தால், இயந்திரத்தில் கெடுவதைவிடக் காகிதத்தில் கெடுவதுதான் அதிகம்.

முதல் தவறு வாய் முந்துவது. கருத்தரங்கில் பேசி, ஜர்னலில் போட்டு, யூடியூபிலும் ஏற்றிவிட்டு, அப்புறம் காப்புரிமைக்குப் போவது. ஏற்கெனவே வெளியே தெரிந்ததைப் புதிது என்று கேட்க முடியாதே. உலகத்தில் பெரிய பல்கலைக்கழகங்களே இதில் மாட்டியிருக்கின்றன. மரபணுவை வெட்டி ஒட்டும், கோஹன், பாயர் என்ற விஞ்ஞானிகளின் முறை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளிவந்தது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது 1974 நவம்பரில். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் இருந்ததால் கடைசி வாரத்தில் தப்பித்தார்கள். அந்தக் காப்புரிமைகள் பின்னால் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டின, ஆனால் வெளிநாட்டு உரிமை போனது போனதுதான்.

நம் சட்டத்திலும் 12 மாதச் சலுகை இருக்கிறது, ஆனால் வாசல் சின்னது. அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை என்று சிலவற்றுக்குத்தான். வயலில் வைத்துச் சோதித்தே ஆக வேண்டிய பொருள் என்றால் நியாயமான சோதனைக்கும் ஒரு வருடம் விட்டுவைத்திருக்கிறார்கள், ஆகவே மன்னார்குடியில் நாலு பேர் முன்னால் உலர்த்தியை ஓட்டிப் பார்த்ததற்காக மட்டும் பயப்பட வேண்டாம். அதை வீடியோ எடுத்துப் போட்டதற்குப் பயப்படலாம். மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேடும் அப்படித்தான், ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறிய அன்றைக்கே உலகத்துக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். பேசுவதற்கு முந்தைய வாரம் ஒரு ப்ரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டால் போதும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் 80 சதவீதக் கட்டணக் குறைப்பு இருக்கிறது, முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அதிக எரிச்சல். அங்கீகாரக் குழு வருகிறது, தரவரிசைக்கு மதிப்பெண் வேண்டும் என்று துறைக்கு இத்தனை பேட்டன்ட் எனக் கணக்கு வைத்து விண்ணப்பிப்பது. சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாக வேண்டியதைப் படிவம் 9 கொடுத்து ஒரு மாதத்துக்குள் வெளியிட வைத்து, 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று வாசலில் பிளக்ஸ் கட்டிவிடுவார்கள். வெளியானது விண்ணப்பம்தான், உரிமை இன்னும் கிடைக்கவில்லை. பரிசீலனைக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் (2024 விதித் திருத்தத்துக்கு முன் 48 மாதம்) விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே ஆகிவிடும். அதற்குப் பிறகு அதே பேராசிரியர் உலர்த்தியை நிஜமாகவே தேற்றி மறுபடி விண்ணப்பித்தால், அவருடைய பழைய விண்ணப்பமே குறுக்கே வந்து நிற்கும்.

அப்புறம் யார் பெயர் என்ற பிரச்சினை. எச்ஓடி, முதல்வர் என்று மரியாதைக்குப் பெயர் சேர்ப்பதும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து சென்சாரைச் சரிசெய்த எம்.டெக் மாணவியை விட்டுவிடுவதும் சகஜமாக நடக்கிறது. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டுமே வினைதான். ஊழியர் கண்டுபிடித்தது தானாகவே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று நம் காப்புரிமைச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை, மாணவர் ஊழியர்கூட இல்லை. ஆகவே எல்லோரிடமும் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்க வேண்டும், அதுவும் 'மாற்றித் தருவேன்' என்று எதிர்காலத்தில் எழுதாமல் 'இதன் மூலம் மாற்றித் தருகிறேன்' என்று. இந்த ஒரு வாசக வித்தியாசம்தான் ஸ்டான்ஃபோர்டு ரோஷ் மருந்து நிறுவனத்துடன் போராடி 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றதற்கு அடிப்படை.

உலர்த்தியைச் செய்துகொடுத்த பட்டறைக்காரரை நன்றிக்காகக் கூட்டு உரிமையாளராகப் போடும் பழக்கமும் வேண்டாம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர் தன் பங்குக்குத் தானே செய்து விற்கலாம், ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் இருவரில் யாருமே மூன்றாமவருக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது. அவர் கோபித்துக்கொண்டு போனால் கதை அங்கேயே முடிந்தது. அவருக்குப் பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

டெல்டாவுக்கென்றே சில உண்டு. நடவு முறை, நீர் விடும் முறை போன்ற விவசாய முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது, அதற்கான கருவிக்குக் கேட்கலாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிற மாதிரியான நெல் ரகங்களுக்கு வழியே வேறு, 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம். வயல் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரை எடுத்து உயிர் உரம் செய்தால் உயிரின வளங்களைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும், சென்னையில் இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தை மறக்கக் கூடாது.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். முதலில் வந்த ஆளுக்கே முழு ஏகபோக உரிமையை, இந்தியா முழுவதற்கும், 20 வருடத்துக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, பத்திரிகையில் போட்டோ வந்ததும் மறந்துவிடுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். அவர் போட்டிப் பொருளை விற்பவராகவும் இருக்கலாம், உங்கள் உலர்த்தி வெளியே வராமல் இருப்பதே அவருக்கு லாபமாக இருக்கலாம். ஏகபோகம் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை, வார்ப்பு அச்சுக்கும் சோதனைக்கும் பணம் போடுகிறவர் அதைக் கேட்பது நியாயம். ஆனால் முதல் இயந்திரம் எப்போது விற்கும், வருடத்துக்குக் குறைந்தபட்ச ராயல்டி (உரிமைப் பங்குத்தொகை) எவ்வளவு, தவறினால் ஏகபோகம் தானாக விலகும் என்று எழுத வேண்டும். நெல்லுக்கு மட்டும் ஒருவருக்குக் கொடுத்து, மிளகாய்க்கும் தேங்காய்க்கும் வேறு ஆளுக்குக் கொடுக்கலாமே? ராயல்டியை லாபத்தில் கேட்காதீர்கள், நிகர விற்பனையில் கேளுங்கள். லாபத்தைக் கணக்கில் காணாமல் போக்குவது எளிது. முன்பணமும் ஆளைப் பார்த்துத்தான். கும்பகோணத்தில் லேத் வைத்திருப்பவரிடம் பெரிய கம்பெனியிடம் கேட்கிற தொகையைக் கேட்டால் அவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

புதுப்பிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கட்டாமல் விட்டுக் காலாவதியானால் 18 மாதத்துக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம், அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, காப்புரிமைப் பத்திரத்தைப் படித்து யாரும் இயந்திரம் செய்துவிட முடியாது. ஆய்வகத்தில் பத்துக் கிலோ நெல்லுக்கு ஓடியது களத்தில் இரண்டு டன்னுக்கு ஓடும்போது காற்று எங்கே தேங்கும், எந்தச் சூட்டில் அரிசி வெடித்து ஆலையில் நொய்யாகும் என்பதெல்லாம் அந்த எம்.டெக் மாணவியின் நோட்டில் இருக்கும், அவரோ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். வரைபடம், கட்டுப்பாட்டு நிரல், சோதனைக் குறிப்புகளோடு, யார் வந்து எத்தனை நாள் சொல்லிக்கொடுப்பார், அவருக்கு யார் சம்பளம் தருவார் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தின் இணைப்பாக வைத்துவிடுங்கள்.